முகாம் முடிந்த பிறகுதான் வேலை ஆரம்பம்: குழந்தைகளைப் பார்க்கப் போகும் மருத்துவ மாணவர்களுக்கு

தஞ்சாவூரில் புது ஆறு, கும்பகோணத்தில் அரசலாறு, திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால். டெல்டா நகரங்களில் நெருக்கடியான குடியிருப்புகள் பல தண்ணீர் ஓரமாகத்தான் இருக்கின்றன. மருத்துவ மாணவர்கள் அங்கே போவது நல்ல காரியம். ஆனால் காலை பத்து மணிக்குப் போய், பிஸ்கட் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்பும் முகாமால் பெரிய பயன் இல்லை. நடவு, அறுப்பு மாதங்களில் அம்மாக்கள் பலர் விடியும் முன்பே வேன் ஏறியிருப்பார்கள். குழந்தையைத் தூக்கி வருவது எட்டு வயது அக்கா. தடுப்பூசி அட்டை எங்கே என்று அவளிடம் கேட்டு என்ன செய்வது? மாலை ஐந்தரைக்கு மேல் வையுங்கள். அங்கன்வாடி ஊழியரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பையில் முதலில் இருக்க வேண்டியது கைச்சுற்றளவு நாடா. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறிய இது போதும். இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியில் அளக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, 12.5க்குக் கீழே மிதமானது. நடுவைக் கண்ணாலேயே குறிப்பது, மடக்கிய கையில் அளப்பது, சதை பிதுங்க நாடாவை இறுக்குவது மூன்றும் வழக்கமான தப்புகள். அழுகிற குழந்தை கையை விறைத்தால் 11.4 எளிதாக 11.6 ஆகிவிடும், ஒரு பிள்ளை கை நழுவிவிடும். அம்மா மடியில் வைத்து இரண்டு தடவை அளங்கள். இரண்டு பாதமும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தால் நாடா என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குத்தான்.

அடுத்தது சிரங்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பாருங்கள். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா என்று கேளுங்கள். மருந்து எழுதுவது உங்களுடன் வரும் மருத்துவர். அதை விளங்கச் சொல்வது உங்கள் பொறுப்பு. 5% பெர்மெத்ரின் கிரீமை அரிப்பு உள்ள பிள்ளைக்கு மட்டும் பூசினால் பக்கத்தில் படுத்த தம்பியிடமிருந்து மறுபடி ஒட்டும். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பூச வேண்டும். சிரங்கை உண்டாக்கும் பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். இதைச் சொல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று தினமும் பூசுவார்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கொடுக்கும்போது பாக்கெட்டைப் படித்துக் காட்டுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கே ஆபத்து. கூடவே துத்தநாகம், ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 14 நாள். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள்.

படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் துண்டுச்சீட்டில் 'ஓபி போகவும்' என்று எழுதினால் போதாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை, யாரைக் கேட்பது என்று தமிழில் எழுதுங்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது. அலைய விட்டால் இரண்டாம் முறை வரமாட்டார்கள். பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெயர், கைச்சுற்றளவு, அனுப்பிய தேதி எழுதிய நோட்டை, தேர்வுக்குப் படிக்கப் போகும் முன் ஜூனியர் கையில் கொடுத்து, வீடுகளையும் கூடப் போய்க் காட்டிவிடுங்கள்.