செத்த செல்லை எடுக்க ஆள் வராவிட்டால்

சித்திரை பிறந்துவிட்டால் என் புறநோயாளிப் பிரிவில் ஒருவகை முகங்கள் அதிகம் தென்படும். இரு கன்னங்களிலும் சிவப்பு, மூக்குத்தண்டின் மேலாக அது தொடர்ந்திருக்கும். மூக்கோரத்து மடிப்பு மட்டும் தப்பியிருக்கும். அண்மையில் வந்த பெண்ணுக்கு 26 வயது. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கப் பகல் முழுவதும் வெயிலில் நின்றிருக்கிறார். சில நாட்களில் முகம் சிவந்து, விரல் மூட்டுகள் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மருந்துக்கடைக் களிம்பிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

“வெயில் அலர்ஜிதானே டாக்டர்?” என்றார் அம்மா.

இல்லை, லூபஸ். உடலின் நோயெதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய் அது. முகத்தில் பட்ட வெயிலுக்கு விரல் மூட்டு ஏன் வீங்க வேண்டும்?

நம் உடலில் சாவு விழாத நாளே இல்லை. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் மட்டும் தினமும் சுமார் 10,000 கோடி பிறக்கின்றன. ஏறக்குறைய அதே அளவு மடிகின்றன. ஆனாலும் நமக்கு வலியில்லை, வீக்கமில்லை. சாகத் தொடங்கிய செல் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுவதுதான் காரணம். தன் எரிபொருளான ஏடிபியில் கொஞ்சத்தை அது கசியவிடும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, செல்களை விழுங்கும் மேக்ரோபேஜ்கள் வந்துசேரும். வந்த இடத்தில் எதை விழுங்குவது, எதை விடுவது? பாஸ்பாட்டிடைல்செரின் என்று ஒரு கொழுப்பு. செல் நலமாக இருக்கும்வரை சவ்வின் உட்புறத்திலேயே கிடக்கும். சாகும்போது சட்டையைப் புரட்டிப் போட்டதுபோல வெளிப்பக்கம் வந்துவிடும். மேக்ரோபேஜுக்கு அதுதான் அடையாளம். உயிருள்ள செல்லோ, சிடி47 என்ற புரதத்தை மேலே காட்டி ‘என்னைத் தொடாதே’ என்று நிறுத்திவைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். விழுங்கி முடித்த மேக்ரோபேஜ், அழற்சியை அடக்கும் ஐஎல்-10 போன்ற பொருட்களைச் சுரக்கிறது. எடுத்த இடம் தெரியாமல் காரியம் முடிந்துவிடுகிறது.

லூபஸ் நோயாளிகள் பலரிடம் இந்த வேலை மந்தமாக நடக்கிறது. எடுக்கப்படாத செல் உடைந்து, உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே சிந்துகிறது. உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிரணுக்கள் (ஆன்டிபாடி) என்ற எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. இரண்டும் பிணைந்து ரத்தத்தில் சுற்றி, மூட்டிலும் சிறுநீரக வடிகட்டியிலும் போய்ப் படிகின்றன. இறந்த செல்லின்மேல் ஒட்டி அடையாளம் காட்டும் சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவது இதற்கு வலுவான சான்று. மரபணு, ஹார்மோன் என்று வேறு காரணங்களும் உண்டு. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் செய்வது என்னவென்றால், தோல் செல்களைக் கும்பலாகக் கொன்று, ஏற்கெனவே திணறும் இந்த ஏற்பாட்டின் தலையில் மேலும் சுமையை ஏற்றுவது.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் எலும்பு மஜ்ஜையில் ஒரு விநோதச் செல்லை விவரித்தார்கள். மாணவனாக இருந்தபோது பழைய கண்ணாடித் தகடு ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கிய நியூட்ரோபில் அது. நடுவே வழவழப்பான ஊதா உருண்டை. அதன் சொந்த உட்கரு ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. லூபஸைக் கண்டறிய வெகுகாலம் அந்தச் செல்லைத்தான் தேடினார்கள். இப்போது, உட்கருவுக்கு எதிரான எதிரணுக்களைத் தேடும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

முகச்சிவப்பு மறைந்ததும், லூபஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கண்ணைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். சரியான அளவில் கொடுத்து, முறையாகக் கண் பரிசோதனையும் செய்துகொண்டால் அந்த ஆபத்து குறைவு. நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். சிறுநீரகப் பாதிப்போ தொடக்கத்தில் வலிக்காது. சிறுநீரில் நுரை கண்டால் புரதம் போகிறதா என்று உடனே பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கும் புரதம் போயிருந்தது, நல்லவேளையாகக் கொஞ்சம்தான். அடுத்த ஆண்டு பொங்கல் வைக்கலாமா என்று கேட்டார். பொழுது சாய்ந்தபின் வையுங்கள், முழுக்கை ரவிக்கை போடுங்கள், பஸ்ஸில் கண்ணாடி மூடியிருந்தாலும் வெயில் விழும் பக்கம் உட்காராதீர்கள் என்றேன். புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி வரும். குடை பிடித்தால் ஊரில் சிரிப்பார்களே என்றார். அம்மா அதற்குள் கைப்பையிலிருந்த குடையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டார்.