கவுண்டர்ல இருந்த பொண்ணு பணத்த எடுக்கல

சில வருஷத்துக்கு முன்னாடி மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எடை நிலையத்துக்கு சாப்ட்வேர் எழுதிக் குடுத்தேன். சிறு தோட்டக்காரங்க எண்ணெய் எடுக்குற செம்பனைக் குலைய லோரியில கொண்டாந்து போடுற இடம். எடை மேடையில ஒரு கம்ப்யூட்டர், பணம் குடுக்குற கவுண்டர்ல ஒண்ணு, நடுவுல ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான்.

ஒரு மாசக் கடைசியில ஒரு தாத்தா, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி ரிட்டயர் ஆனவரு, பள்ளிக்கூட நோட்டு ஒண்ண எடுத்துக்கிட்டு வந்து "தம்பி, 850 வெள்ளி குறையுது"ன்னாரு. அவரு நோட்டுல 4750, கம்ப்யூட்டர்ல 3900. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு முதலாளி சொல்லிட்டு கவுண்டர்ல இருந்த பொண்ணப் பாத்தாரு. அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணி "அண்ணே, நான் எடுக்கல"ன்னு மட்டும் சொல்லுச்சு, அதுக்கு மேல பேச முடியல அதால.

நடந்தது இதுதான். தாத்தா கணக்குல 4200 இருந்துச்சு. எடை மேடை 850 சேர்க்க 4200ஐப் படிச்சிச்சு, அதே நொடியில கவுண்டரு 300 அட்வான்ஸ் கழிக்க அதே 4200ஐப் படிச்சிச்சு. மேடை 5050னு எழுதிச்சு, அடுத்த கணம் கவுண்டரு அதுக்கு மேலயே 3900னு எழுதிடுச்சு. 850 காணாமப் போச்சு, ஒரு எரர் மெசேஜ்கூட வரல. ரெண்டு பேரு ஒரே கணக்குல ஒரே நேரத்துல கை வச்சு வர்ற இந்தத் தப்புக்குப் பேருதான் ரேஸ் கண்டிஷன், அந்தக் கோட எழுதுனது நான்.

கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. டெஸ்ட் பண்ணா வராது, என்ன நடக்குதுன்னு ஒவ்வொண்ணா பதிவு எழுத வச்சுப் பாத்தா அந்தப் பதிவு எழுதுற நேரத்துலயே வரிசை மாறி பக் (புரோகிராம் தப்பு) மறஞ்சிடும். கடைசியில படிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல வேணும்னே புரோகிராம 5 நொடி தூங்க வச்சு ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒண்ணா அழுத்துனேன், முதல் தடவையே மாட்டுச்சு. கவுண்டர், பில்லிங்னு எழுதுற தம்பி தங்கச்சிங்க தயவுசெஞ்சு இத ஒரு தடவ செஞ்சு பாருங்க.

பிரிட்டன் போஸ்ட் ஆபீஸோட ஹொரைசன்ங்கிற கணக்கு சாப்ட்வேர் விவகாரம் படிச்சிருப்பீங்க. 1999ல இருந்து 2015க்குள்ள கிளை போஸ்ட் ஆபீஸ் நடத்துனவங்க 900 பேருக்கு மேல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, கணக்குல பணம் குறையுதுன்னு மெஷின் சொன்னத நம்பி. அங்க இருந்த தப்பெல்லாம் இப்படி ஒரே நேரத்துல ரெண்டு வேலை மோதுற (கன்கரன்சி) தப்பு இல்ல, ஆனா கேலண்டர் ஸ்குவேர்னு பேரு வாங்குன பக்குல லாக், அதாவது ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் மத்தவங்க தொடாம இருக்கப் போடுற பூட்டு, விடுபடாம மாட்டிக்கிட்டு, ஒரு கவுண்டர்ல பண்ணது இன்னொரு கவுண்டருக்குத் தெரியாமப் போயிருக்கு. அதப் படிச்சப்ப அந்தப் பொண்ணு குரல்தான் காதுல கேட்டுச்சு.

இதுக்கு புரோகிராம் எழுதுற மொழி என்ன பண்ணும்னு கேட்டா, நெறைய பண்ணும், ஆனா எல்லாத்தையும் பண்ணாது. ஜாவா 1995லயே லாக்க மொழிக்குள்ள வச்சிச்சு, ஆனா லாக் போட மறந்தா கம்பைலர் (நாம எழுதுனத மெஷினுக்கு மாத்திக் குடுக்குறது) ஒண்ணும் கேக்காது, அது நம்ம ஞாபகத்த நம்பி நிக்கிது. கோ மொழி 2009ல வந்தப்ப டேட்டாவ ஒருத்தர் கையிலேந்து இன்னொருத்தருக்கு சேனல்ங்கிற குழாய் வழியா அனுப்புங்கன்னு சொல்லிச்சு, நல்ல பழக்கம், இருந்தாலும் ஒண்ணா ஓடுற ரெண்டு வேலை (கோரூட்டீன்) ஒரே டேட்டாவத் தொடுறத அது தடுக்கல, இந்தத் தப்பத் தேடுற அதோட ரேஸ் டிடெக்டரும் ஓடுன பாதையில இருக்குறதத்தான் பிடிக்கும். எனக்குப் பிடிச்சது ரஸ்ட்ங்கிற மொழி போன வழி. 2015ல 1.0 வந்துச்சு, அதுல டேட்டாவே லாக்குக்குள்ள இருக்கும், லாக்கத் திறக்காம கை வைக்கவே முடியாது, மீறுனா கம்பைல் ஆகாது.

ஆனா இத மறைக்கக் கூடாது: என்னோட பக் ரஸ்ட்ல எழுதியிருந்தாலும் வந்திருக்கும். ரஸ்ட் மெமரியத்தான் காக்கும், டேட்டாபேஸ்ல படிச்சு அப்புறம் எழுதுற வரிசையக் காக்காது.

எங்க பாட்டி இருந்த தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுல ஆள் எண்ணும்போது மண்டோர் (மேஸ்திரி) பேரச் சொல்லுவாரு, செக்ரோல்ல, அதாவது வருகைப் புத்தகத்துல, எழுதுறது கிராணி (குமாஸ்தா) ஒருத்தர்தான். 1986ல எரிக்சன் கம்பெனியில ஆரம்பிச்ச எர்லாங்ங்கிற மொழியும் அப்படித்தான், ஓடுற ஒவ்வொரு வேலைக்கும் (புராசஸ்) தனிக் கணக்கு, வேணும்னா மெசேஜ் அனுப்பு, வேற யாரும் தொடக் கூடாது.

நான் கடைசியா மாத்துனது அந்தத் தாத்தா நோட்டப் பாத்துதான். அவரு எந்த வரியையும் அழிச்சதே இல்ல, புதுசா ஒரு வரி எழுதுவாரு. நானும் பாக்கித் தொகைய மாத்தி எழுதுறத விட்டுட்டு ஒவ்வொரு வரவு செலவையும் தனி வரியா சேத்தேன், பாக்கிய அப்பப்ப கூட்டிக்கிறது. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பணம் இருக்கான்னு பாக்குற எடத்துல மட்டும் பாக்குறதும் எழுதுறதும் நடுவுல யாரும் புகுந்துடாம ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல, அந்தக் கணக்குக்கு லாக் போட்டு.

முதலாளி அந்தப் பொண்ணுகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டாரு. அப்புறம் நானும் அதுவும் உக்காந்து பழைய எடைச் சீட்டெல்லாம் ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாத்தோம். இன்னும் ரெண்டு பேரு கணக்குல அதே மாதிரி குறைஞ்சிருந்துச்சு. அவங்க நோட்டு வச்சிக்கல, யாரும் வந்து கேக்கவும் இல்ல, நாங்கதான் கூப்பிட்டுப் பணத்தக் குடுத்தோம்.