மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் வந்தால்

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மருந்தகத்துக்குச் சென்ற மாதம் ஓர் ஐயா முதுகுவலி மாத்திரை கேட்டு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறுக்குக் கோலாலம்பூரில் அப்லேஷன் செய்துகொண்டு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "நெஞ்சை அறுக்கவே இல்லை தம்பி, தொடையில் ஊசி குத்தியதுதான்" என்றார். நான்காம் நாளே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியதை வேறு பெருமையாகச் சொன்னார்.

காயம் கண்ணுக்குச் சிறிதாக இருப்பதால் வரும் வம்பு இது. தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரல் சிரைகள் இதயத்தின் இடது மேலறையில் சேரும் இடத்தைச் சுற்றிச் சுடுகிறார்கள் அல்லது உறையவைக்கிறார்கள். உள்ளே அந்தப் புண் ஆற வாரக்கணக்காகும். அதுவரை படபடப்பு வந்து போகலாம். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் சிகிச்சை வீண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகாமல் காக்கும் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். மருத்துவர் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்தலாம். ஐயாவின் பையில் மகள் வாங்கிக் கொடுத்த ஏழு கட்டப் பெட்டி இருந்தது. அந்த ரத்தக்கட்டித் தடுப்பு மருந்தான டாபிகாட்ரான் கேப்ஸ்யூல்களைத் தாளிலிருந்து பிதுக்கி அதில் அடுக்கிவைத்திருந்தார். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும். விழுங்கும் நேரத்தில்தான் தாளைப் பிரிக்க வேண்டும். அவர் கேட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரையையும் கொடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாகலாம்.

குத்திய இடத்தில் நீலம் பாரித்து முழங்கால்வரை இறங்கினாலும் பயமில்லை. ஆனால் எண்ணெய் போட்டு நீவிவிட யாரையும் கூப்பிடாதீர்கள். ஒரு வாரம் பாரம் தூக்க வேண்டாம். ரத்தம் வந்தாலோ வீக்கம் பெருத்தாலோ படுத்துக்கொண்டு பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் 999.

எனக்கு உண்மையில் பயம் தருவது காய்ச்சல். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் ஓடுகிறது. சூடு அதுவரை எட்டியிருந்தால், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள், சில சமயம் இரண்டு மாதம் கழித்தும், இரண்டுக்கும் இடையே ஓட்டை விழலாம். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத சிக்கல்தான். வந்தால் உயிர் தப்புவது கடினம். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். இங்கே காய்ச்சல் என்றாலே டெங்கி என்றுதான் எண்ணுவோம். மருத்துவமனைக்குப் போனதும் "அப்லேஷன் செய்துகொண்டேன்" என்பதையே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்தச் சந்தேகம் இருக்கும்போது வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி கூடாது, உள்ளே ஊதும் காற்று ஓட்டை வழியே மூளைக்கு ஏறிவிடும்; சிடி ஸ்கேன்தான் முதலில் எடுக்க வேண்டும். "எனக்குத்தான் கேஸ்ட்ரிக் இல்லையே" என்று, அப்லேஷனுக்குப் பின் கொடுத்த, அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது உணவுக்குழாயைக் காப்பதற்காகக் கொடுத்தது.

நடந்த சிகிச்சையையும் தேதியையும் மலாயில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஐயாவின் மைகார்டு அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினேன். முதுகுவலிக்குப் பாரசிட்டமால் கொடுத்து, உடம்பு சுட்டால் அதை விழுங்கிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்றேன். அந்த ஏழு கட்டப் பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது.