ஐ7 என்றால் எந்த ஐ7?

போன வாரம் ஒரு தந்தையும் மகளும் ஒரு ‘சிபியு’வைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டுக் கணினி மெதுவாக இயங்குகிறது என்று வேறொரு கடையில் காட்டியிருக்கிறார்கள். “இது பழைய ஐ5. ஐ7 போட்டுத் தருகிறேன்” என்று சொன்ன கடைக்காரர், அதை 3,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, மேலே 21,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு ஒரு ‘புதிய’ கணினியைக் கொடுத்திருக்கிறார். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள், பளபளப்பான கேபினெட். அதில் விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. ஏன் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த பிராசசர், அதாவது கணினியின் மூளை, ஐ7-2600. அது 2011 ஜனவரியில் வெளிவந்தது. பாகங்களை எல்லாம் இணைக்கும் மதர்போர்டு எச்61 வகை, அதுவும் அதே 2011-ஆம் ஆண்டுத் தொழில்நுட்பம். வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம் டிடிஆர்3 வகை. பழைய கணினியின் பில் மகளின் கைப்பேசியில் இருந்தது. அவர்கள் கொடுத்துவிட்டு வந்தது ஐ5-8400. 2017 அக்டோபரில் வந்தது, ஆறு கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கொண்டது, விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கக்கூடியது. பில்லில் இருந்த பாகங்களில் குறை சொல்ல ஒன்றுதான் இருந்தது. தகவலைச் சேமிக்க, வேகமான எஸ்எஸ்டி இல்லாமல், மெதுவாக இயங்கும் வெறும் ஹார்டு டிஸ்க்.

“ஐ5-ஐவிட ஐ7 பெரியதுதானே தம்பி?” என்று கேட்டார் அந்தத் தந்தை. 24,500 ரூபாய் மதிப்பைக் கொடுத்து ஆறே முக்கால் ஆண்டு பின்னுக்குப் போயிருக்கிறார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி என் கடை மேசைக்கு வராத மாதம் இல்லை. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனத்திடமிருந்து ஒரே ஆண்டில் வந்த பிராசசர்களுக்குள் எது மேல், எது கீழ் என்று காட்டும் அடையாளங்கள் மட்டுமே. வெவ்வேறு ஆண்டுகளில் வந்தவற்றை அந்த எண்ணை வைத்து ஒப்பிடவே முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணை. ஐ7-2600 என்றால் முதல் இலக்கம் 2, அதாவது இரண்டாம் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. அந்த ஐ3-க்கும் 2011-இன் ஐ7-2600-க்கும் கோர்கள் நான்குதான், திரெட்டுகளும் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்) எட்டுதான். ஆனால் ஒரு கோரின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐ3-தான். பெயரில் சிறியது, வேலையில் பெரியது. கடைப் பலகையில் ‘ஐ7, 8 ஜிபி, 500 ஜிபி’ என்று எழுதியிருந்தால் அதில் தகவல் ஏதும் இல்லை என்று பொருள். “ஐ7-க்குப் பிறகு என்ன எண்?” என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசனிலும் ரைசன் 5, ரைசன் 7 என்ற பெயருக்குப் பின்னால் நான்கு இலக்க எண் வரும், அதைத்தான் கேட்க வேண்டும். இன்டெல் 2023 இறுதியிலிருந்து ‘கோர் அல்ட்ரா’ என்று புதுப் பெயர் வரிசை தொடங்கியிருக்கிறது. பெயர் மாறினாலும் முழு மாடல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் மாற வேண்டாம்.

மதர்போர்டு புதுப் பெட்டியில் வருவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எச்61 போர்டுகளைச் சில தயாரிப்பாளர்கள் இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் பெட்டி புதியது, வாரண்டி அட்டை புதியது. அதில் பொருத்தும் பிராசசரோ பழைய அலுவலகக் கணினியிலிருந்து கழற்றியது. குறைந்த செலவில் பில் போட மட்டும் ஒரு கணினி வேண்டும் என்று கேட்கும் சிறு கடைக்காரருக்கு, இன்னது என்று சொல்லி, அதற்குரிய விலையில் கொடுத்தால் தவறே இல்லை. கல்லூரி மாணவிக்கு ‘லேட்டஸ்ட்’ என்று சொல்லிக் கொடுப்பது மோசடி.

அடுத்தது, ‘மெதுவாக இருக்கிறது’ என்ற புகார். கணினி மெதுவாகிவிட்டது என்றால் பிராசசர் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, பிராசசர் 15, 20 என்று சும்மா இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி மாற்றுங்கள், போதும். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா? ராம் சேருங்கள். பிராசசரே தொடர்ந்து 100-இல் இருந்தால், அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். எந்த நிரல் அதைத் தின்கிறது என்று பாருங்கள். இலவசம் என்று இறக்கிய கிராக் மென்பொருளோடு ஏதாவது உள்ளே குடியேறியிருக்கும். அதையும் பார்த்துவிட்டு, உள்ளே படிந்த தூசியையும் தட்டி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றிய பிறகும் முடியவில்லை என்றால்தான் பிராசசரைப் பற்றிப் பேச வேண்டும். என்னிடம் ‘மெதுவாக இருக்கிறது’ என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை எஸ்எஸ்டியோடு தீர்ந்துவிடுகின்றன. இதைச் சொன்னால் “அவ்வளவுதானா?” என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பெரிய செலவு சொல்பவர்தான் நல்ல மெக்கானிக் என்று எப்படியோ மனத்தில் பதிந்திருக்கிறது.

ராம் வாங்கும் முன் டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பாருங்கள். ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தித் திணித்து ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். இன்னொன்று, 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். குருஷியல் என்ற பெயரில் ராமைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே உங்கள் பழைய கணினியில் இருக்கும் டிடிஆர்4 ராமின் மதிப்பு தெரியாமல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

எதுவரை மேம்படுத்தலாம் என்பதற்கு இப்போது ஓரளவு தெளிவான எல்லை இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு, பொதுவாகச் சொன்னால், இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தையவை வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்கள் கணினி அந்த எல்லைக்கு உள்ளே இருந்தால் எஸ்எஸ்டியும் ராமும் போட்டு இன்னும் சில ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டலாம். வெளியே இருந்தால் அதில் பெரிய பணம் போடாதீர்கள். சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் இணையம், தட்டச்சு, பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றுக்கும் உழைக்கும். அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் சில இந்த முறையில்தான் என் பகுதியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினியிலும் ‘இது விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது’ என்ற செய்தி வந்தால் பதறாதீர்கள். பல மதர்போர்டுகளில் டிபிஎம் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் ‘பிடிடி’, ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினால் பெரும்பாலும் பிரச்சினை முடிந்துவிடும். அந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு நல்ல கணினியை எடைக்குப் போட்டவர்களை நான் அறிவேன். மனம் ஆறவில்லை.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. அசெம்பிள் செய்வதா, கம்பெனி கணினி வாங்குவதா? வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, கேம்ஸ் போன்ற கனமான வேலை இருந்தால் அசெம்பிள் செய்யுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கும், பின்னாளில் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி, சர்வீஸ் சென்டர் தனித்தனி. பழுது வந்தால் எது பழுது என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலையாகிவிடும். அலையத் தெம்பில்லாதவர்கள், வெளியூரில் இருக்கும் பெற்றோருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கம்பெனி கணினிக்கே போகலாம். அசெம்பிள் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் எண்ணின் முடிவில் ‘எஃப்’ இருந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு “மதர்போர்டு டெட்” என்று சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடுவதில் பயனில்லை.

ஐடி நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழிக்கும் ரீஃபர்பிஷ்டு கணினிகளை (சரிசெய்து மறுபடி விற்பவை) நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால். உறுதியாகச் செய்யப்பட்டவை அவை. ஆனால் அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) மதர்போர்டு இணைப்பும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. வெளியில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. பிறகு பெரிய கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்ற கனவோடு அதை வாங்காதீர்கள். மடிக்கணினி வாங்குபவர்கள், ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டதா, கூடுதல் ஸ்லாட் உண்டா என்று முதலில் கேளுங்கள். ஸ்லாட் இல்லாத 8 ஜிபி மடிக்கணினி கடைசிவரை 8 ஜிபிதான்.

இனி, என்னைக் கோபப்படுத்தும் இரண்டு விஷயங்கள்.

முதலாவது எஸ்எம்பிஎஸ். பிராசசருக்கு இருபதாயிரம் கொடுக்கிறவர்கள், கேபினெட்டோடு ‘இலவசமாக’ வரும் எடையே இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுவிடுகிறார்கள். மேலே ‘450 வாட்’ என்று ஒட்டியிருக்கும். அது ஸ்டிக்கர்தான். அது போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போகும். மின்திறனுக்கான ‘80 பிளஸ்’ சான்று பெற்றதை வாங்குங்கள். விளக்குகளுக்கும் கண்ணாடிக்கும் கொடுக்கும் பணத்தை இங்கே கொடுங்கள்.

இரண்டாவது எர்த்திங். “கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, கணினி பழுதா?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பழுது உங்கள் சுவரில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் எர்த் வழியாக ஒரு சிறு மின்கசிவை வெளியேற்ற வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டின் உலோகம் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அழுத்தத்தில் நிற்கும், டெஸ்டர் வைத்தால் ஒளிரும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதை நிறுத்துங்கள். குழந்தைகள் தொடும் இயந்திரம் அது. நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்த பிறகு கணினியை இயக்குங்கள். உண்மையிலேயே எஸ்எம்பிஎஸ் பழுதாகி முழு மின்சாரமும் உலோகத்துக்கு வந்தால், எர்த் இல்லாத வீட்டில் அது உயிரைப் பறிக்கும்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஜிஎஸ்டியை மிச்சப்படுத்துகிறேன் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். பில்லில் பிராசசர், மதர்போர்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இயக்கச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் வரும் பிராசசர் பெயரும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் தொடர்பில்லாத இன்னொருவரிடம் காட்டுங்கள். வாங்க வரும் கடைக்காரரே அதன் குறையையும் சொல்லி விலையையும் சொல்வதில் என்ன நியாயம் இருக்கும்?

எப்படிக் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபார்மட் செய்துவிட்டேன் என்பது போதாது. அவசரமாகச் செய்யும் ஃபார்மட்டில் கோப்புகளின் பட்டியல்தான் அழிகிறது, படங்களும் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டே அவற்றை மீட்டுவிடலாம், நாங்கள் தினமும் செய்கிற வேலை அது. டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள், இரண்டு ஸ்குரூதான். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் அதன் நிலை ‘குட்’ என்று வந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டு, குடும்பப் படங்களுக்கு இரண்டாவது நகல் வைக்கப் பயன்படுத்துங்கள். ‘காஷன்’ என்று மஞ்சளில் வந்தால் அன்றைக்கே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.