மெலியோய்டோசிஸ்: வயல் சேற்று நோய்க்கு வந்த கழுதைப் பெயர்

எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மெலியோய்டோசிஸ் அப்படியல்ல. அதைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேள்விப்பட்டவர்கள். கேட்டதும் காதில் தங்குவது 'மெலி' என்ற முதல் பகுதிதான். ஆளை மெலிய வைக்கும் வருத்தம் போலிருக்கிறது என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த நோய் மாதக்கணக்கில் இழுபட்டால் ஆள் மெலிந்துதான் போவார். ஆனால் அந்த ஒற்றுமை தற்செயலானது. சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது.

பழைய கிரேக்கத்தில் 'மேலிஸ்' என்றால் கழுதைகளுக்கு வரும் ஒரு கொடிய நோய். 'ஓய்டு' என்பது 'போன்ற', 'ஓசிஸ்' என்பது 'நோய்நிலை'. மூன்றையும் சேர்த்தால் 'கழுதை நோயைப் போன்ற நோய்' என்று வருகிறது. நெல் வயலில் இறங்கியவருக்கு வரும் நோய்க்குக் கழுதை எங்கிருந்து வந்தது என்று பார்க்க ரங்கூனுக்குப் போக வேண்டும்.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் நோயியலாளர் ஆல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனைகளில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். நுரையீரல், ஈரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள். இறந்தவர்களில் பலர் 'மார்ஃபின்' என்ற போதை ஊசிக்கு அடிமையான ஏழைகள். உள்ளே பார்த்தால் குதிரைக்கும் கழுதைக்கும் வரும் 'கிளாண்டர்ஸ்' போலவே இருந்தது. ஆனால் அந்த மனிதர்களுக்குக் குதிரையோடு தொடர்பில்லை. ஆய்வுகூடத்தில் வளர்த்த கிருமியும் கிளாண்டர்ஸ் கிருமியைவிட வேகமாக வளர்ந்தது, நீந்தித் திரிந்தது. இது வேறு நோய் என்று 1912இல் இருவரும் எழுதினார்கள். 'விட்மோர் நோய்' என்ற பெயர் சில நாடுகளில் இன்றும் புழங்குகிறது. கிருஷ்ணசுவாமியின் பெயர் நோயில் ஒட்டவில்லை. அந்தக் காலத்தில் உதவியாளர்களுக்கு அதுதான் நடக்கும்.

மெலியோய்டோசிஸ் என்ற பெயரை 1921இல் வைத்தவர்கள் கோலாலம்பூரில் வேலை செய்த ஸ்டான்டனும் பிளெட்சரும். 'கிளாண்டர்ஸ் போல இருக்கிறது, ஆனால் அது இல்லை' என்ற செய்தி மட்டுமே அந்தப் பெயரில் இருக்கிறது. நோய் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்கே பிடிபடவில்லை. எலிகளில்தான் கிருமி தங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தை நம்பி யாராவது அன்றே தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் நமக்கு இரண்டாவது எலிக்காய்ச்சல் ஒன்று இருந்திருக்கும்! பிறகு இந்தோசீனாவில் வேலை செய்த பிரெஞ்சு ஆய்வாளர்கள்தான் பார்வையை மண்ணுக்கும் நீருக்கும் திருப்பினார்கள். இந்தக் கிருமிக்கு எலியும் வேண்டாம், நுளம்பும் வேண்டாம். அது மண்ணில் வாழ்கிற பற்றீரியா.

அதன் அறிவியல் பெயர் 'பர்கோல்டெரியா சூடோமல்லை'. முதற்பாதி, வெங்காய அழுகலை ஆராய்ந்த அமெரிக்கத் தாவர நோயியலாளர் வால்டர் பர்கோல்டரின் பெயர். பின்பாதிக்குப் 'போலி மல்லை' என்று அர்த்தம். உண்மையான 'மல்லை' கிளாண்டர்ஸ் கிருமி. இங்கேதான் ஒரு வேடிக்கை. 2004இல் இரண்டு கிருமிகளின் மரபணுத் தொகுதிகளும் வெளிவந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால், மண்ணில் வாழ்ந்த சூடோமல்லையிலிருந்து ஒரு கிளை பிரிந்து, விலங்கின் உடலுக்குள் குடியேறி, தேவையில்லாத மரபணுக்களை உதிர்த்துவிட்டு மல்லையாக மாறியிருக்கிறது. போலி என்று பெயர் பெற்றது தாய், அசல் என்று பெயர் பெற்றது பிள்ளை. பெயரை இனி மாற்ற மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இலங்கையில் முதல் நோயாளி பற்றிய குறிப்பு 1927இல் வந்தது. அவர் தேயிலைத் தரகு செய்த ஒரு ஐரோப்பியர். அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்த நோய் இங்கே இல்லாதது போலவே இருந்தது. ஆனால் அது எங்கும் போகவில்லை, தேடிப் பார்க்க ஆளில்லை. 2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர் ஏனோகா கொரெயாவும் மற்ற நுண்ணுயிரியலாளர்களும் மருத்துவமனைகளைத் தேடச் சொல்லித் தூண்டியதும், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நோயாளிகள் கணக்கில் வரத் தொடங்கினார்கள். அதில் கிழக்கு மாகாணம் முக்கியமான இடம்.

கிழக்கைப் பற்றிய ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. கடும் மழைக்குப் பிறகு ஒரே காலத்தில் 10 பேருக்கு இரத்த வளர்ப்புச் சோதனையில் இந்தக் கிருமி அகப்பட்டது. ஒரே கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதா, அல்லது ஒரே கிணற்றிலிருந்து வந்ததா என்ற கேள்வி எழும் அல்லவா? கிருமிகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தபோது அவை ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்தது. 4 பேருடையவை ஒரே வகைக்குள் வந்தன, ஆனாலும் மொத்தத்தில் பல வகைகள். அதாவது, இந்தக் கிருமியின் பல பரம்பரைகள் இங்கத்தைய மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மழையும் வெள்ளமும் அவற்றை மேலே கிளப்பிவிட்டன என்று கொள்வதே பொருத்தம்.

மாரியில் வட்டைக்குள் இறங்குபவர்களுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பது தெளிவு. படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களிலும் பெரும்போக வேலை நடப்பது மழையோடுதான். முழங்கால் சேற்றில் வெறுங்காலோடு நின்றால், காலில் இருக்கும் சின்னக் கீறல் போதும். கீறல் மட்டுமல்ல, காய்ச்சாத கிணற்றுத் தண்ணீர் வழியாகவும் உள்ளே போகலாம். புயல் மழையில் காற்றோடு பறக்கும் துளிகளை மூச்சில் இழுப்பதாலும் வரலாம். ஆனால் சேற்றில் நிற்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரிய ஆபத்து சீனி வருத்தம். உலகின் பல ஆய்வுகளில் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ நீரிழிவு இருந்திருக்கிறது. சீனி கூடியவரின் வெள்ளணுக்களுக்கு இந்தக் கிருமியைச் சமாளிக்கும் வலு குறைவு. கால் மரத்திருந்தால் புண் இருப்பதே தெரியாது. சிறுநீரக நோய், அளவு மீறிய குடி, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

இதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. நியுமோனியா போல வரும், காசநோய் போல இழுக்கும், மூட்டில் சீழ் வைக்கும், ஈரலில் கட்டி போடும். சிலருக்குத் தோலில் ஆறாத புண் மட்டும்தான். பொதுவாகக் கிருமி புகுந்து 1 முதல் 21 நாட்களுக்குள் நோய் தெரியும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதாகவும் பதிவு இருக்கிறது. இரத்தத்தையோ சீழையோ வளர்த்துப் பார்ப்பதே இன்றும் உறுதியான சோதனை. அதுவும் 100 நோயாளிகளில் ஏறத்தாழ 60 பேரிடம்தான் பிடிக்கும். வளர்ந்தாலும், பழக்கமில்லாத கண் அதை வெளியிலிருந்து கலந்த கிருமி என்று ஒதுக்கிவிடலாம். விலை கூடிய கருவி இல்லாத ஆய்வுகூடத்துக்கும் ஒரு நல்ல துப்பு உண்டு. ஜென்டாமைசின், கொலிஸ்டின் ஆகிய அன்ரிபயோட்டிக்குகளுக்கு அசையாத ஒரு கிருமி, கோ-அமொக்சிக்ளாவ் என்ற இன்னொன்றுக்கு அடங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டும். கிருமியின் மேலுறைச் சர்க்கரையை நிமிடங்களில் காட்டும் பட்டைச் சோதனையும் ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தால் அதுவும் தவறவிடும்.

2016இல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் சொன்னது. பெயரே தெரியாத நோய்க்கு இது சின்ன எண்ணிக்கையா? தடுப்பூசி இன்னும் பொதுப் பாவனைக்கு வரவில்லை. மருந்து இருக்கிறது. வழக்கமான அன்ரிபயோட்டிக் பலவற்றுக்கு அசையாத இந்தக் கிருமி செஃப்டாசிடிமுக்கும் மெரோபெனத்துக்கும் அடங்கும். தாய்லாந்தில் 1989இல் வந்த ஆய்வில், செஃப்டாசிடிம் கொடுத்தபோது கடுமையான நோயாளிகளின் இறப்பு 74 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தது. சிகிச்சை இப்படித்தான்: முதலில் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு குறைந்தது 3 மாதம் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரை. இந்த மாத்திரையோடு டொக்சிசைக்ளினும் தேவையா என்று தாய்லாந்தில் பெரிய ஆய்வு செய்தார்கள். தேவையில்லை என்று 2014இல் தெரிந்தது. மாத்திரை ஒன்று குறைந்தால் நோயாளி முழுக்காலமும் விழுங்குவார் என்ற நம்பிக்கையாவது கூடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒலிபெயர்ப்பை அப்படியே வைத்துக்கொள்வது மருத்துவ அட்டைக்குச் சரி. அங்கே பெயர் மாறினால் ஆபத்து. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வயற்காரரோடு பேசும்போது அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலானந்தர் நம் காரைதீவுக்காரர். அந்த மண்ணில் இருந்துகொண்டு சொல் இல்லை என்று கைவிரிப்பது அழகில்லை.

கிரேக்கத்தை நேரே பெயர்த்துக் 'கழுதைநோய்ப் போலி' என்றால் சிரிப்புத்தான் மிஞ்சும். 'விட்மோர் நோய்' ஆளைச் சொல்கிறது, நோயைச் சொல்லவில்லை. 'மண்காய்ச்சல்' என்பது சுருக்கமானது, வாயில் நன்றாக நிற்கும். எனக்கும் முதலில் பிடித்தது அதுதான். 'சேற்றுக்காய்ச்சல்' என்றால் எலிக்காய்ச்சலுக்குப் பக்கத்தில் பொருத்தமாக உட்காரும். ஆனால் இரண்டிலும் 'காய்ச்சல்' என்ற பகுதி இடிக்கிறது. காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று நம்மவர்கள் மருந்தை நிறுத்துவார்கள். இந்த நோயில் காய்ச்சல் போன பிறகுதான் 3 மாத மாத்திரை தொடங்குகிறது. இடையில் நிறுத்தினால் உள்ளே பதுங்கிய கிருமி திரும்பி வரும். தோல் புண்ணோடு மட்டும் வருகிறவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். வெறும் 'சேற்று நோய்' என்றால், கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணோடு குழம்பும்.

அதனால் 'சேற்றுமண் நோய்' என்பதை முன்வைக்கிறேன். சேறு மழைக்காலத்தைச் சொல்கிறது. மண், கோடையிலும் கிருமி ஆழத்தில் உயிரோடு இருப்பதைச் சொல்கிறது. பேச்சில் அது 'சேத்துமண் வருத்தம்' ஆகிவிடும், ஆகட்டும். பரிசோதகர் சொல்ல வேண்டியதும் அப்போது எளிதாகிவிடும்: காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள், முடிந்தால் சப்பாத்துப் போட்டு வயலில் இறங்குங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். மாரியில் காய்ச்சலோ ஆறாத கட்டியோ வந்தால் 'வயலில் நின்றனான், எனக்குச் சீனியும் இருக்கு' என்று டொக்டரிடம் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.