பள்ளி மானியத்தில் மின்விசிறி மாற்றலாம், கேளுங்கள்

புதுச்சேரியில் அரியாங்குப்பம் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. மதியச் சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், காலி பெஞ்சுகளுக்கு மேலே நாலு மின்விசிறியும் சுற்றிக்கொண்டே இருந்தன. சுவரில் பழைய பெட்டி ரெகுலேட்டர், தொட்டுப் பார்த்தேன், சூடு. வேகத்தைக் குறைத்து வைத்தாலும் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடுகிறது.

இதையெல்லாம் மாற்றப் பணத்துக்கு எங்கே போவது என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கென்று ஆண்டு மானியம் ஒன்று இருக்கிறது. மாணவர் 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் போனால் 1 லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் கரண்ட் பில் கட்டலாம், இன்டர்நெட், தண்ணீர், விளையாட்டுச் சாமான், பாடம் நடத்தும் கருவிகள் வாங்கலாம், ஓடாமல் போன பொருட்களையும் மாற்றலாம். எல்லாம் ஒரே பைதான். பில்லுக்கு இதிலிருந்து எடுக்கிற பள்ளியில், பில் குறைந்தால் அந்தக் காசில் பந்து வாங்கலாம்.

"ஓடாமல் போன பொருட்கள்" என்பதுதான் நமக்கு முக்கியம். மின்விசிறி நின்றுபோனால் காயில் கட்டி மறுபடி ஓட்டுவதுதான் வழக்கம். அப்படிச் செய்யாமல் ஒவ்வொன்றாக பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள மின்விசிறிக்கு மாறச் சொல்லுங்கள். பழையது சுமார் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவுதான். ஒரு வகுப்பில் நாலு, நாளுக்கு 6 மணி நேரம், 220 வேலை நாள் என்று போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 237 யூனிட் மிச்சம், பத்து வகுப்புக்கு 2,370-க்கு மேல். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு, மின்சாரச் சிக்கனத்தை நட்சத்திரக் கணக்கில் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயம் என்பதால் அதைப் பார்த்தே வாங்கலாம். டியூப்லைட் ஃபியூஸ் போனால் எல்.இ.டி., கம்ப்யூட்டர் அறை ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, யாரிடம் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலைதான், அதனால் நீங்கள் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பது ஆகாது. கூட்டத்துக்குப் போகும்போது போன வருஷச் செலவுக் கணக்கையும் பன்னிரண்டு மாத கரண்ட் பில்லையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, பி.எல்.டி.சி. மின்விசிறியைப் பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டக் கூடாது, கெட்டுப்போகும். எலக்ட்ரீஷியன் வந்த அன்றே அந்தப் பெட்டியைக் கழற்றி நேரடியாக சுவிட்சில் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.