கொடியைக் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், டெக்சாஸில் என் பிசியோதெரபி அறைக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாத்தியம் வாசிக்கும் பள்ளிக் குழுவான மார்ச்சிங் பேண்டின் கோடை முகாம் நடக்கும் காலம் அது. வாத்தியக்காரர்களுக்கு நடுவே கொடி சுழற்றும் கலர் கார்டு குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இவர்கள். "கொடி ஆட்டியதற்கா இவ்வளவு வலி?" என்று கூட வரும் அம்மாக்கள் கேட்பார்கள். ஆறடிக் கம்பம், அம்மா. எடை சமமாக நிற்பதற்காக முனைகளில் இரும்பு போல்ட் வேறு செருகியிருப்பார்கள். காற்றடிக்கும் மைதானத்தில் துணி விரிந்துகொண்டால் அதன் இழுப்பு முழுவதும் மணிக்கட்டுக்குத்தான்.

வந்தவர்களிடம் மூலையில் வைத்திருக்கும் பழைய கம்பத்தைக் கொடுத்து, மெதுவாக ஒரு டிராப் ஸ்பின் சுற்றச் சொல்வேன் (மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்). எல்லாரும் முதலில் கற்கும் சுழற்சி அது. நிமிர்ந்த கம்பம் பக்கவாட்டில் சாய்ந்து தலைகீழாகும்போது, இடக்கை கட்டைவிரலைக் கீழ்நோக்கி வைத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதும் வலக்கை விட்டுவிட வேண்டும். கோளாறு இங்கேதான். கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வலக்கை விடாது. கம்பம் திரும்பிவிடும், பிடித்த கை திரும்ப இடமில்லாமல் சுண்டுவிரல் பக்கமாக முறுக்கிக்கொள்ளும். நாளுக்கு நூறு தடவை இப்படி முறுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

கம்பம் தன் எடையாலேயே விழும். கை அதற்கு வழிகாட்டினால் போதும். நகங்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தால் பிடி தவறு. வேகத்தைக் குறைத்து, எண்ணிக்கை சொல்லி, கை மாறும் இடத்தில் மட்டும் நின்று பழகச் சொல்கிறேன். வலி இருக்கும்வரை உயரே எறிந்து பிடிக்கும் டாஸ் வேண்டாம்.

டாஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பின்னோக்கி ஓடிப் பிடிக்கப்போய் உள்ளங்கையை ஊன்றி விழுந்த பிள்ளைக்கு, கட்டைவிரலின் அடியில் உள்ள குழியை அமுக்கினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். படம் சரியாக இருக்கிறது என்று மறுநாளே மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். வலி நீடித்தால் பத்து, பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை கட்டு இருக்கட்டும், கொடி சுவரில் சாய்ந்திருக்கட்டும்.